நாய்த்தலையரும் நற்செய்தியும்: வெசலே ஆலய வாயிற்சிற்பம்

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பிரசங்கிக்கப் புகும் நம்மில் பெரும்பாலோர் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்திலுள்ள இனப்பட்டியலை விரைந்து வாசித்துவிட்டுப் பேதுருவின் பிரசங்கத்துக்குத் தாவிவிடுகிறோம். பார்த்தர், மேதர், எலாமீத்தர் எனும் பெயர்கள் நம் நாவுக்கு இடறலாயிருப்பதே காரணம் போலும். ஆனால் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சிற்பி, நாம் தாண்டிச் செல்லும் அந்தப் பட்டியலையே தன் படைப்பின் உயிர்நிலையாகக் கொண்டான். பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், குன்றின்மேல் அமைந்த வெசலே எனும் சிற்றூரின் மடத்து ஆலயத்தில் அவனது சிற்பம் இன்றும் நிற்கின்றது. ஆவியானவர் யார் யாரிடம் செல்கிறார் என்ற வினாவுக்கு அது தரும் விடை வியப்புக்குரியது, குறையுமுடையது. அவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் சொல்லியாகவேண்டும். கி.பி. 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜிரார் என்ற பிரபுவும் அவர் மனைவி பெர்த்தாவும் குன்றின் அடிவாரத்தில் ஒரு கன்னியர் மடத்தை நிறுவினர். நார்மானியர் படையெடுப்பால் அது அழிந்தபின், குன்றின் உச்சியில் பெனடிக்ட் ஒழுங்கைப் பின்பற்றும் ஆண் துறவியரின் மடம் எழுந்தது. 11ஆம் நூற்றாண்டில், மகதலேனா மரியாளின் எலும்புகள் தம்மிடம் இருப்பதாக அம்மடத்தார் கூறத் தொடங்கினர். அவ்வளவுதான்! பயணிகள் திரண்டனர், காணிக்கை குவிந்தது, ஊர் பெருகியது. காணிக்கை பெருகியதால் ஆலயத்தைப் பெருக்க ஆசை எழுந்தது. ஆலயம் பெருக ஊரார்மீது வரி ஏறிற்று. கட்டடப் பணியைத் தொடங்கிய மடாதிபதி ஆர்த்தோ 1106ஆம் ஆண்டு ஊராரின் கலகத்தில் கொலையுண்டார். 1120ஆம் ஆண்டு மகதலேனாள் திருநாளை ஒட்டி நேர்ந்த தீவிபத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாண்டதாகப் பழைய குறிப்புகள் கூறும். அந்தச் சாம்பலின்மேல் எழுந்ததுதான் இன்று நாம் காணும் நெடுங்கூடம். வாயிற்சிற்பமும் 1120களிலோ 1130ஐ ஒட்டியோ செதுக்கப்பட்டதாகப் பொதுவாகக் கொள்வர்.

இனிச் சிற்பத்துக்கு வருவோம். மேற்குப்புற முன்மண்டபத்துக்குள் நுழைந்து நின்றால், நெடுங்கூடத்துக்குச் செல்லும் பெருவாயிலின் மேல் அரைவட்ட வடிவில் அது விரிந்துள்ளது. நடுவில் கிறிஸ்து வீற்றிருக்கின்றார். அவர் உடல் அசைவற்று இருக்கவில்லை. முழங்கால்கள் ஒரு புறம் திரும்பியுள்ளன. ஆடையின் மடிப்புகள் பெருங்காற்றில் சிக்கினாற்போல் சுழல்கின்றன. லூக்கா எழுதிய பலத்த காற்றைக் கல்லில் காட்ட இதைவிட ஒரு வழி உண்டோ என வியக்கிறோம். விரிந்த அவர் கரங்களிலிருந்து கதிர்கள் புறப்பட்டு, இருபுறமும் அமர்ந்துள்ள அப்போஸ்தலரின் தலைகளைத் தொடுகின்றன. அப்போஸ்தலர் கையில் நூல்கள் உள்ளன. அவர்களுள் சிலருடைய தலைகள் இன்று இல்லை. வாயிலின் நடுத்தூணில் யோவான் ஸ்நானன் நிற்கின்றார். அவர் ஏந்திய வட்டத்திலிருந்த ஆட்டுக்குட்டியும் சிதைந்துபோயிற்று.

இதுவரை கூறியதைப் பிற ஆலயங்களிலும் ஓரளவு காணலாம். வெசலேயின் தனித்தன்மை நடுவிலன்று, ஓரத்திலேதான் உள்ளது. கிறிஸ்துவையும் அப்போஸ்தலரையும் சூழ்ந்த வளைவில் எட்டு அறைகள். கீழே உத்தரக்கல்லின் நீளம் முழுதும் ஓர் ஊர்வலம். இவற்றில் நிற்போர் உலகத்தின் இனத்தார். காணிக்கைப் பொருள்களோடு வருவோர் உளர்; பலியிடக் காளையை நடத்தி வருவோர் உளர்; வில்லேந்தியோரும் உளர். தம் உடலின் நோவைச் சுட்டிக்காட்டும் பிணியாளர் உளர். உடலையே போர்த்திக்கொள்ளத்தக்க பெருஞ்செவியுடையோர் உளர். குதிரையின்மேல் ஏற ஏணி சாத்தும் குள்ளர் உளர். ஓர் அறையில், மனித உடலும் நாயின் தலையும் உடையோர் தம்முள் உரையாடுவார்போல் நிற்கின்றனர். இவற்றைச் சுற்றி வெளிவளைவில் பன்னிரு மாதங்களின் உழைப்பும் இராசிகளும் வட்டங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. இடமும் காலமும் எல்லாம் அந்தக் கரங்களின் கதிருக்கு உட்பட்டவை என்பது சிற்பியின் கருத்து.

இந்த நாய்த்தலையர் யார்? இங்கேதான் இந்தியத் திருச்சபையினராகிய நாம் நின்று கவனிக்கவேண்டும். கிறிஸ்துவுக்கு முன்னிருந்த கிரேக்க எழுத்தாளன் க்டெஸியாஸ், இந்திய மலைகளில் நாய்த்தலை மனிதர் வாழ்வதாக எழுதிவைத்தான். உரோமன் பிளினி அதைத் தன் பெருநூலில் சேர்த்தான். 7ஆம் நூற்றாண்டில் செவீல் நகரப் பேராயர் இசிதோர், அவர்கள் இந்தியாவில் பிறப்பவர்கள் என்றே தம் கலைக்களஞ்சியத்தில் பதிவு செய்தார். மேலைநாட்டுத் துறவிமடங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாகவே பயின்றுவந்த நூல் அது. ஆகவே வெசலே வாயிலில் நம் நாட்டாருக்கு இடம் உண்டு, நாய்த்தலையோடுதான் உண்டு. இதைக் கேட்டு நகைப்பதா, சினப்பதா? இரண்டுக்கும் முன் இச்செய்தியின் இறையியல் வரலாற்றை அறிதல் நலம்.

கடல்கடந்த விசித்திர இனங்களைப் பற்றிய கேள்வியைப் பரிசுத்த அகுஸ்தீன் தமது 'தேவ நகரம்' எனும் நூலின் பதினாறாம் பகுதியில் எடுத்துக்கொண்டார். வடிவம், நிறம், குரல் எவ்வாறாயினும், பகுத்தறிவுடைய மனிதனாயிருப்பின் அவன் ஆதாமின் வழித்தோன்றலே என்பது அவர் வகுத்த நெறி. நல்ல நெறியே. ஆயினும் நாய்த்தலையரிடம் வரும்போது அவர் தயங்குகிறார். அவர்கள் குரைப்பதே அவர்களை மிருகமெனக் காட்டுகிறது எனும் பக்கம் சாய்கிறார். 9ஆம் நூற்றாண்டில் கொர்பி மடத்துத் துறவி ரத்ராம்னுஸ் இவ்வினாவை மீண்டும் எதிர்கொண்டார். வடதிசையில் அருட்பணியாற்றிய ரிம்பெர்ட் என்பவர் அவருக்கு எழுதிக் கேட்டிருந்தார். கேள்வி வேடிக்கையானதன்று, அருட்பணியாளன் ஒருவன் கேட்கவேண்டிய கேள்வியே அது. அவர்கள் மனிதராயின் நற்செய்தி அவர்களுக்கும் உரியது. மிருகமாயின் அப்பால் செல்லலாம். ரத்ராம்னுஸ் விடை எழுதினார்: அவர்கள் ஊராகக் கூடி வாழ்கிறார்கள், நாணி உடல் மறைக்கிறார்கள், நிலம் உழுகிறார்கள், வீட்டு விலங்குகளை வளர்க்கிறார்கள். இவை அறிவின் செயல்கள். ஆகவே அவர்கள் மனிதரே. திருவிருந்து பற்றிய தமது நூலினால் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளுக்குத் துணைநின்ற அதே ரத்ராம்னுஸ்தான் இவர். திருவிருந்து வாதத்துக்காக அவரை நினைவுகூரும் நாம் இந்த மடலையும் வகுப்பறைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

வெசலே சிற்பி அம்மடலைப் படித்தானோ இல்லையோ, அவன் கல்லில் எழுதிய தீர்ப்பு ரத்ராம்னுஸின் தீர்ப்போடு ஒத்தது. நாய்த்தலையரை ஆலயத்தின் வெளிச்சுவரில், நீர் வடியும் தூம்பாக, பேய்களின் வரிசையில் வைத்திருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. அப்போஸ்தலருக்கு அடுத்த வரிசையில், பெந்தெகொஸ்தேயின் எல்லைக்குள் வைத்தான். அகுஸ்தீன் தயங்கிய இடத்தில் உளியேந்தியவன் தயங்கவில்லை.

நிற்க. இச்சிற்பத்துக்கு வேறொரு பொருளும் கூறப்பட்டுள்ளது. பிரெஞ்சுக் கலை வரலாற்றறிஞர் எமில் மால் இதனைப் பெந்தெகொஸ்தே என்றே விளக்கினார். 1944ஆம் ஆண்டு அடால்ஃப் காட்ஸெனெலென்போகன் எழுதிய கட்டுரை, இது பெந்தெகொஸ்தேயோடு அப்போஸ்தலரை உலகெங்கும் அனுப்பும் கட்டளையையும் இணைத்துக் காட்டுவது என்றும், முதற் சிலுவைப்போரின் உணர்வோடு தொடர்புடையது என்றும் வாதித்தது. இவ்விளக்கத்தின்படி, அப்போஸ்தலர் சென்ற வழியில் சிலுவைப்போர் வீரரும் செல்கின்றனர். உத்தரக்கல்லில் நிற்கும் இனத்தார் வெல்லப்படவேண்டியோர் ஆகின்றனர். அவ்வாறாயின் நாம் மேலே பாராட்டிய அந்த இடமளிப்பு, அடிமைப்படுத்துவதற்கு முன்செய்த கணக்கெடுப்பாக மாறிவிடும். இதனை எளிதாக ஒதுக்க இயலாது. ஏனெனில் வெசலேயின் பின்வரலாறு அவ்விளக்கத்தின் பக்கமே சாட்சி சொல்லுகின்றது.

1146ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், உயிர்த்தெழுதல் பண்டிகையன்று, கிளேர்வோ மடாதிபதி பெர்னார்ட் இக்குன்றில் இரண்டாம் சிலுவைப்போருக்கு அறைகூவல் விடுத்தார். கூட்டம் ஆலயத்துக்குள் அடங்காமையால் குன்றின் சரிவில் மேடை அமைத்தனர். மன்னன் ஏழாம் லூயியும் அரசி எலியனோரும் சிலுவைக் குறி ஏற்றனர். துணிச் சிலுவைகள் தீர்ந்துபோகவே பெர்னார்ட் தம் அங்கியைக் கிழித்துக் கொடுத்தார் என்பது கதை. பெர்னார்டின் பக்திப் பாடல்களையும் தியானங்களையும் நேசிப்போர் நம் சபைகளில் பலர். லூத்தரும் கால்வினும் அவரை மதித்தனர். ஆகவே நேர்மையாகச் சொல்லவேண்டும். ரைன் நதிக்கரையில் யூதரைக் கொல்லுமாறு தூண்டிய ரதுல்ஃப் என்ற துறவியை அடக்க நேரில் சென்றவர் இவரே. ஆனால் அடுத்த ஆண்டே, 1147இல், பால்டிக் கடற்கரை வெண்டு இனத்தாருக்கு எதிரான போரைக் குறித்து எழுதுகையில், அவர்களுடைய மதச்சடங்காவது அந்த இனமாவது ஒழியும்வரை உடன்படிக்கை கூடாது என்னும் பொருள்பட எழுதியவரும் இவரே. ஓர் இனமே ஒழிவதை ஒரு தெரிவாக ஏற்றுக்கொண்ட கைக்கும், வெசலே வாயிலில் இனங்கள்மேல் கதிர் பொழியும் கைக்கும் இடையே எத்தனை தூரம்!

இதில் கசப்பான ஒரு முரணும் உண்டு. துறவியர் உலவும் முற்றத்தில் குரங்குகளும் அரைமனிதரும் விசித்திர விலங்குகளுமாகச் செதுக்கி வைப்பதால் என்ன பயன் என்று பெர்னார்ட் 1125ஐ ஒட்டி எழுதிய தமது நூலொன்றில் கடிந்திருந்தார். வீண் செலவு, வீண் வேடிக்கை என்பது அவர் வழக்கு. நம் சீர்திருத்த மரபினரின் செவிக்கு அது இனிக்கும். ஆனால் அந்த விசித்திர உருவங்களைக் கண்டு முகஞ்சுளித்தவர் வாளுக்கு ஆசி கூறினார்; அவற்றைச் செதுக்கியவனோ அவற்றைக் கிறிஸ்துவின் அருகே வைத்தான். உருவங்களைப் பற்றிய எளிமை உணர்ச்சி ஒன்றே ஒருவனை மனிதநேயத்தில் சரியான பக்கத்தில் நிறுத்திவிடாது.

1166ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே நாளில், நாடுகடந்து வந்திருந்த கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட் இதே ஆலயத்தில் பிரசங்கம் செய்தபின் இங்கிலாந்து மன்னனின் ஆட்கள் பலரைச் சபைநீக்கம் செய்து சாபமுரைத்தார். 1190இல் ரிச்சர்ட் மன்னனும் பிலிப்பு மன்னனும் மூன்றாம் போருக்கு இங்கிருந்தே புறப்பட்டனர். மடத்துக்கும் ஊராருக்கும் இடையே இருந்த பகை 1152இல் வெளிப்படையான கிளர்ச்சியாயிற்று. கொலையுண்ட ஆர்த்தோவின் கதி மறந்துபோகவில்லை. தொலைதூர இனங்களுக்கு வாயிலில் இடமளித்த மடம், தன் வாசற்படியில் வாழ்ந்த கைத்தொழிலாளருக்கும் வணிகருக்கும் உரிமை அளிக்க மறுத்தது.

எனினும் காட்ஸெனெலென்போகனின் முடிவை முழுதும் ஏற்க நமக்கு மனம் வரவில்லை. காரணம் சிற்பத்திலேயே உள்ளது. அனுப்பப்படுவோர் கையில் நூல் இருக்கிறதேயன்றி வாள் இல்லை. வில்லும் பிற படைக்கலமும் உத்தரக்கல்லில் வரும் இனத்தாரிடம்தான் உள்ளன. இனத்தாருள் பலர் நோயாளர். அவர்களிடம் செல்லவேண்டியது குணமாக்கும் கை. மேலும், அக்காலத்தார் அனைவரும் பெர்னார்டைப்போல் எண்ணினர் என்பதும் உண்மையன்று. இளமையில் வெசலே மடத்திலேயே துணைத்தலைவராயிருந்து, 1122இல் க்ளூனி மடாதிபதியான வணக்கத்துக்குரிய பேதுரு, 1143இல் குர்ஆனை இலத்தீனில் மொழிபெயர்க்கச் செய்தார். இஸ்லாமியரைப் படைக்கலத்தால் அன்று, சொல்லால் அணுகவேண்டும். பகையால் அன்று, அன்பால் அணுகவேண்டும் என எழுதினார். அவரும் சிலுவைப்போரை எதிர்க்கவில்லை. அவரது நூலும் கண்டன நூலே. ஆயினும் பிறர் நூலைப் படித்தாலன்றிப் பிறரோடு பேச இயலாது என்ற உணர்வு அவருக்கு இருந்தது. வெசலே சிற்பத்தின் திட்டத்தில் இவர் கருத்தின் சாயல் உண்டு என்போரும் உளர். இருக்கலாம். அவ்வாறாயின் ஒரே குன்றில் இரு அருட்பணி நெறிகள் எதிர்நின்றன என்றாகின்றது. வரலாறு பெர்னார்டின் பின் சென்றது. 1148இல் தமஸ்கு நகரத்தின்முன் அவரது போர் தோல்வியில் முடிந்தது. பழி சுமந்த பெர்னார்ட் பின்னர்ப் போப்பாண்டவருக்கென எழுதிய நூலில் தம்மைத் தற்காத்துக்கொள்ள நேர்ந்தது.

சிற்பத்தின் குறை என்று தொடக்கத்தில் சொன்னதை இனிச் சொல்லவேண்டும். அது சிற்பியின் கைக்குறை அன்று, இறையியற் குறை. லூக்காவின் பெந்தெகொஸ்தேயில் அதிசயம் அப்போஸ்தலரின் தலைமேல் மட்டும் நிகழவில்லை. கேட்போரின் செவியிலும் நிகழ்கின்றது. ஒவ்வொருவனும் தன் சொந்த மொழியில் கேட்கிறான். கேட்டதும் வியந்து பேசுகிறான், வினவுகிறான், சிலர் பரிகாசமும் செய்கின்றனர். வெசலேயிலோ கதிர்கள் அப்போஸ்தலரின் தலையோடு நின்றுவிடுகின்றன. இனத்தாரிடம் எதுவும் நேராக வருவதில்லை. பெருஞ்செவியர் கேட்கும் இனமாகவே செதுக்கப்பட்டனர். நாய்த்தலையர் பேசினாலும் அது குரைப்பாகவே கொள்ளப்படும். நாய்த்தலை என்பது என்ன? அயலான் மொழி புரியாதவன் செவியில் அது எவ்வாறு ஒலிக்குமோ, அதன் உருவமே அத்தலை. அம்மொழியைக் கற்க முற்பட்டவன் கண்ணுக்கு நாய்த்தலை மறைந்து மனித முகம் தெரிந்திருக்கும். பெந்தெகொஸ்தே நாளில் நிகழ்ந்தது அதுவே. பெந்தெகொஸ்தேயைச் செதுக்கிய சிற்பி அதன் இந்தப் பாதியைச் செதுக்கவில்லை. ரத்ராம்னுஸும் நாய்த்தலையரை மனிதரென மெய்ப்பித்தபோது உழவையும் உடையையும் சான்று காட்டினாரேயன்றி, அவர்களுடைய பேச்சைக் கேட்டறிய வழியிருப்பதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

இவ்வாறு கூறுவது 12ஆம் நூற்றாண்டுச் சிற்பியிடம் நம் காலத்து அறிவை எதிர்பார்ப்பதாகும் என்று சிலர் கூறக்கூடும். ஆனால் நாம் அவனிடம் எதிர்பார்ப்பது லூக்காவை. லூக்கா அவனுக்கும் முந்தியவர். உள்ளே நெடுங்கூடத்தின் போதிகைகளுள் ஒன்று இதைவிட நுட்பமான வாசிப்பைக் காட்டுகின்றது. அதில் ஒருவர் திரிகையில் தானியம் கொட்டுகிறார். மற்றொருவர் கீழே மாவைச் சாக்கில் ஏந்துகிறார். கொட்டுபவர் மோசே, ஏந்துபவர் பவுல் என்பது வழிவழி வந்த விளக்கம். அக்கல்லில் பெறுபவனும் உழைக்கிறான். குனிந்து, சாக்கை விரித்துப் பிடிக்கிறான். வாயிலில் இனத்தாருக்கு இத்தகைய வேலை எதுவும் தரப்படவில்லை. இரு சிற்பங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

இவ்வாலயத்தின் புகழ் சரிந்த கதை, புரொட்டஸ்டன்டினராகிய நமக்கு நேரான பாடமாகலாம் என எண்ணத் தோன்றும். 1279இல் மகதலேனாளின் உடல் தெற்கே புரோவென்சில் கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 1295இல் போப்பு எட்டாம் போனிபாஸ் அக்கூற்றின் பக்கம் நின்றார். வெசலேயின் பயணிகள் குறைந்தனர். எலும்பின்மேல் கட்டியது எலும்போடு போயிற்று எனலாம். ஆனால் நாம் மகிழ்ந்துகொள்ளுமுன் அடுத்த ஏட்டையும் புரட்டவேண்டும். கால்வினுக்குப்பின் ஜெனீவாச் சபையை வழிநடத்திய தியோடர் பேசா 1519இல் பிறந்தது இவ்வூரிலேதான். 16ஆம் நூற்றாண்டு மதப்போர்களில் ஹியூகனோ படையினர் வெசலேயைக் கைப்பற்றினர், ஆலயம் சூறையாடப்பட்டது. 1569இல் அரச படை ஊரை முற்றுகையிட்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது மேற்கு முகப்பின் வெளிச்சிற்பங்கள் உடைக்கப்பட்டன. நம் வாயிற்சிற்பம் முன்மண்டபத்துக்குள் இருந்ததால் பெரும்பாலும் தப்பியது. சொல்லை மீட்ட மரபு கல்லைக் காக்கவில்லை. பெந்தெகொஸ்தேயைச் சொல்லும் கல்லாயினும் சரி. பேசாவின் பெயரைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் நாம் இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1834இல் எழுத்தாளர் ப்ராஸ்பர் மெரிமே அரசின் தொல்சின்ன ஆய்வாளராக வந்தபோது ஆலயம் இடியும் நிலையிலிருந்தது. 1840இல் இருபத்தாறு வயதே ஆன வியோலெ-லெ-தூக் என்னும் கட்டடக் கலைஞரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது நீடித்தது. கட்டடம் பிழைத்தது அவராலேயே. ஆனால் வெளிமுகப்பின் அரைவட்டத்தில் இன்று காணும் இறுதித்தீர்ப்புச் சிற்பம் அவர் காலத்தில் புதிதாகச் செய்யப்பட்டது. 12ஆம் நூற்றாண்டுப் பொருள் என எண்ணிப் பயணிகள் அதன்முன் நெடுநேரம் நின்றுவிடுவதும் உண்டு. 1979இல் ஆலயமும் குன்றும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தன. பாரம்பரியம் என்று பேசுவோர் ஒளி, அமைதி, கல்லின் நிறம் என்று வருணிக்கின்றனர். கோடை நடுவில் உச்சிவேளை வெயில் நெடுங்கூடத் தரையில் ஒளித்திட்டுகளாக வரிசையிடுவதைச் சிலாகிக்கின்றனர். அழகுதான். ஆனால் ஆர்த்தோவின் இரத்தமும் 1146இன் மேடையும் அந்தப் பாரம்பரியத்தின் பகுதியே. மகாத்மா காந்தியையும் இராமகிருஷ்ணரையும் விவேகானந்தரையும் பற்றி நூல்கள் எழுதிய ரொமேன் ரோலந்து தம் இறுதி ஆண்டுகளை இவ்வூரில் கழித்து 1944 டிசம்பரில் இங்கேயே காலமானார் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடலாம். இந்தியாவின் குரலைக் கேட்டெழுதிய ஒருவர் நாய்த்தலையரின் வாயிலுக்கு அருகில் வாழ்ந்தார்.

பெர்னார்டின் பிரசங்கத்துக்கு எண்ணூறாம் ஆண்டாகிய 1946இல், போர் முடிந்த அடுத்த கோடையில், பல திசைகளிலிருந்தும் மக்கள் பெரிய மரச்சிலுவைகளைத் தோளில் சுமந்து கால்நடையாக வெசலேக்கு வந்தனர், இம்முறை சமாதானத்துக்காக. அருகில் போர்க்கைதிகளாயிருந்த ஜெர்மானியர் தாமும் வரலாமா என்று கேட்டனர். முன்னாளில் பகைவராயிருந்தோர் அவர்களைச் சேர்த்துக்கொண்டனர். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் விட்டங்களைக்கொண்டு அவர்கள் ஒரு சிலுவையைச் செய்து சுமந்து வந்தனர். அந்தச் சிலுவைகள் இன்றும் ஆலயச் சுவர்களில் உள்ளன. ஜெர்மானியரின் சிலுவையும் மற்றவற்றோடு சேர்ந்தே நிற்கின்றது.